ஹாட் டாக் என்றால் ஊர்ப்பெருமை, உப்புக்கண்டம் என்றால் தீட்டா?

அமெரிக்கர் ஒருவரிடம் அவருடைய சொந்த ஊர் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு ஹாட் டாக்கில் வந்து நிற்கும். சிகாகோக்காரர் என்றால் கசகசா தூவிய பன், அதற்குள் மாட்டுக்கறி சாசேஜ், மேலே கடுகுச் சாந்து, வெங்காயம், தக்காளி, வெள்ளரி ஊறுகாய், குட்டி மிளகாய், கடைசியாக ஒரு சிட்டிகை செலரி உப்பு என்று வரிசை பிசகாமல் சொல்வார். அதில் கெட்சப் ஊற்றினால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். டெட்ராய்ட்காரர் கிரேக்கக் குடியேறிகள் தொடங்கிய கோனி கடைகளைப் பற்றிச் சொல்வார். அங்கே சாசேஜ் மேல் காரமான கொத்துக்கறிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். வாஷிங்டன்காரருக்கு ஹாஃப் ஸ்மோக் என்றால் உயிர். எல்லார் கதையிலும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன ஒரு சாயங்காலம் இருக்கும். பெயர்ப்பலகை வைத்த ஒரு கடையும் இருக்கும்.

இந்தப் பெருமையை நாங்கள் கேலி செய்யவில்லை. பொறாமையோடு பார்க்கிறோம். ஏனென்றால் எங்களுக்கும் அப்படி ஒரு ருசி உண்டு. குடலும் கொழுப்பும் ரத்தமும் உப்பும் வெயிலும் சேர்ந்த ருசி. அதைப் பற்றி நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசத்தான் எங்களுக்கு இடம் இருந்ததில்லை.

சாசேஜ் என்பது என்ன? சுத்தம் செய்த குடலுக்குள் நல்ல விலைக்குப் போகாத கறியையும் கொழுப்பையும் நறுக்கி அடைத்தது. சில ஊர்களில் ரத்தத்தையும் சேர்ப்பார்கள். கெடாமல் இருக்க உப்பு, புகை, வெயில். இன்று ஆலையில் வரும் சாசேஜ்களில் பலவற்றுக்குச் செயற்கை உறைதான். ஆனால் அதன் பிறப்பு ஏழை வீட்டு அடுப்படியில். மாட்டிலோ பன்றியிலோ எதையும் வீணாக்க முடியாத மக்கள் கண்டுபிடித்த வழி அது.

அந்த மக்களுக்கு அமெரிக்காவில் எடுத்த எடுப்பில் மரியாதை கிடைத்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் சாசேஜ் விற்றபோது, அதற்குள் நாய்க்கறி இருக்கிறது என்று ஊரே கேலி பேசியது. ஹாட் டாக் என்ற பெயரே அந்தக் கேலியின் மிச்சம் என்கிறார்கள் சொல்லாராய்ச்சி செய்பவர்கள். 1906இல் அப்டன் சின்க்ளேர் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல் சிகாகோ கறி ஆலைகளின் அழுக்கையும் அங்கே வதைபட்ட குடியேறித் தொழிலாளர்களின் வாழ்க்கையையும் காட்டியது. நாடு அதிர்ந்தது. ஆனால் தொழிலாளியின் துன்பத்தைவிடத் தன் தட்டின் சுத்தம் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டது. அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது.

1916இல் நாதன் ஹேண்ட்வெர்க்கர் என்ற போலந்து யூதக் குடியேறி நியூயார்க்கின் கோனி தீவில் ஐந்து சென்ட்டுக்கு ஹாட் டாக் விற்கத் தொடங்கினார். 1939இல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் அமெரிக்கா வந்தபோது, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தன் ஊர்ப் பண்ணையில் வைத்த விருந்தில் ஹாட் டாக்கும் இருந்தது. நாய்க்கறி என்று நகைக்கப்பட்ட பண்டம் மன்னர் தட்டுக்குப் போய்விட்டது. இடையில் நடந்தது என்ன? சாசேஜின் சேர்மானத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அதைத் தின்ற ஜெர்மானியரும் யூதரும் கிரேக்கரும் அந்தச் சமூகத்தில் மெல்ல மெல்ல மேலே ஏறினார்கள். ஆள் ஏறினால் அவன் சோறும் கூடவே ஏறும்.

கறுப்பின மக்களின் கதை வேறு. வெள்ளையருக்குத் திறந்த கதவுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை. ஆனாலும் தங்கள் உணவைத் தங்கள் தெருவில் தலைநிமிர்ந்து விற்றார்கள். 1958இல் வாஷிங்டன் யூ தெருவில் பென் அலி, வர்ஜீனியா அலி தம்பதியர் தொடங்கிய பென்'ஸ் சில்லி பௌல் கடை இன்றும் ஹாஃப் ஸ்மோக்குக்குப் பேர் போனது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நகரம் பற்றி எரிந்தபோது, ஊரடங்கு நேரத்திலும் அனுமதியோடு திறந்திருந்து பசித்தவர்களுக்குப் போட்டது அந்தக் கடை. 2009இல் பதவியேற்புக்குச் சில நாட்கள் முன்பு ஒபாமா அங்கே போய்ச் சாப்பிட்டார். இனவெறி அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் அந்த மக்களின் வரலாற்றைச் சொல்ல அந்தத் தெருவில் ஒரு கடை நிற்கிறது.

இனி எங்கள் கதை.

நாங்கள் பிறந்தது குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துச் சேரிகளில். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கூறு போடும் நாள். நாலைந்து வீடு சேர்ந்து காசு போட்டு ஒரு மாடு பிடிப்பார்கள். கறி, எலும்பு, ஈரல், குடல், கொழுப்பு என்று எல்லாவற்றையும் சரிசமமாகப் பங்கு வைத்து இலைகளில் குவிப்பார்கள். நல்ல கறி ஒருவனுக்கு, எலும்பு இன்னொருவனுக்கு என்ற பேச்சே கிடையாது. எல்லாக் கூறிலும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். சமூகவியல் வகுப்பில் சமத்துவம் பற்றிப் பாடம் கேட்பதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே அதை நாங்கள் இலையில் பார்த்திருந்தோம்.

குடலைச் சுத்தம் செய்வது ஆயாக்களின் வேலை. மெல்லிய குச்சியை உள்ளே விட்டு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவார்கள். சுண்ணாம்பு, மஞ்சள், உப்பு, வெந்நீர் என்று நாலைந்து தண்ணீர் மாற்றி அலசுவார்கள். வாடை போக வேண்டும், ருசி போகக் கூடாது. அந்தக் கைப்பக்குவம் லேசில் வராது. ரத்தத்தை உறையவிட்டு, அவித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு உதிர்த்துக் கிளறினால் அரைமணி நேரத்தில் சட்டி காலி.

மிஞ்சிய கறிதான் உப்புக்கண்டம். விரல் தடிமனுக்கு நீளநீளமாக வாரி, உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் மாலை மாலையாகத் தொங்கவிடுவார்கள். காக்கா விரட்டுவது பிள்ளைகள் வேலை. மூன்று நாள் வெயிலில் காய்ந்து கறுத்து விறகுபோல ஆகிவிடும். பானையில் போட்டு வைத்தால் மழைக்காலத்துக்கு ஆகும். கூலி வேலை இல்லாத நாளில் இரண்டு துண்டை எடுத்துத் தணலில் சுட்டுக் கல்லில் தட்டிக் கத்திரிக்காயோடு குழம்பு வைத்தால் கேழ்வரகுக் களி தானாக இறங்கும். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் "நேத்து வீட்ல என்னா கொழம்பு?" என்று டீச்சர் கேட்டால் "கத்திரிக்காக் கொழம்பு டீச்சர்" என்போம். பொய்யும் இல்லை. கத்திரிக்காயும் அதில் இருந்ததே.

வீட்டுக்கு உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். ஆறு வயதிலேயே எங்களுக்கு இந்த வித்தை பழகிவிட்டது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை.

கல்லூரி விடுதியில் அந்த வித்தையும் கைகொடுக்கவில்லை. எங்களில் ஒருத்தி ஊரிலிருந்து நாலு சுற்றுக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த உப்புக்கண்டத்தை அறைத்தோழிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். காப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. "இதெல்லாம் இங்க வேணாம்மா, மத்தவங்களுக்குச் சங்கடமா இருக்கு" என்று மெதுவாகத்தான் சொன்னார். அதே விடுதியில் இன்னொரு தோழி காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஆட்டுக்கறி உப்புக்கண்டம் கொண்டுவந்தபோது அறை அறையாகக் கைமாறிப் போனது. "செட்டிநாட்டு அய்ட்டம்டி" என்று எல்லாரும் எண்ணெயில் பொரித்துத் தின்றார்கள். அதே உப்பு, அதே வெயில், அதே கொடி. ஆட்டுக்கு வந்தால் பாரம்பரியம், மாட்டுக்கு வந்தால் சங்கடம்.

குடல்தான் அருவருப்பு என்றால் மதுரை மெஸ்களில் குடல் குழம்புக்கு வரிசை நிற்குமா? ரத்தம்தான் அருவருப்பு என்றால் ஆட்டு ரத்தப் பொரியலும் சுவரொட்டியும் ஓட்டல் பலகையில் இருக்குமா? பன்றிதான் அருவருப்பு என்றால் குடகுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பந்திக்கறி தேடி அலைவார்களா? கோவாவில் பன்றிக்கறியை மிளகாயும் வினிகரும் சேர்த்துக் குடலில் அடைத்து, ஜெபமாலை மணிகள்போல முடிச்சுப் போட்டுக் காயவைக்கிறார்கள். அந்தச் சோரிஸை நம் ஊர்ப் பையன்கள் பாவில் வைத்துத் தின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். குடகர்களுக்கு நிலம் இருக்கிறது. கோவாவுக்குச் சுற்றுலா இருக்கிறது. பண்டத்தில் தீட்டு இல்லை. யார் கை சமைத்தது, யார் வாய் தின்றது என்பதில்தான் இந்தச் சமூகம் தீட்டைத் தேடுகிறது.

மேல்சாதிப் பழக்கங்களைப் பின்பற்றி, கறியையும் கள்ளையும் விட்டு, சமூக ஏணியில் மேலே ஏற முயல்வதை எம்.என். சீனிவாஸ் சமஸ்கிருதமயமாக்கம் என்று பெயரிட்டார். 1952இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூல் குடகர்களைப் பற்றியதுதான். வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். ஆனால் கறியை விட்டுவிட்ட எங்கள் தாத்தாக்களுக்கு ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க ஏன் விடவில்லை என்ற கேள்வி வினாத்தாளில் வந்ததே இல்லை.

இப்போது 2022 மே மாதத்துக்கு வருவோம். ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடக்கும் என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆடு, கோழி எல்லாம் உண்டு, மாட்டுக்கறி பிரியாணி கிடையாது என்றார்கள். ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி இல்லாமல் திருவிழாவா? தலித் அமைப்புகளும் இஸ்லாமிய அமைப்புகளும் எதிர்த்தன. விழா நடக்கும் இடத்துக்கு வெளியே மாட்டுக்கறி பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறியை ஒதுக்கியது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை முழுக்கத் தோல் தொழில். அந்தத் தோலில் செய்த ஷூ ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. தோல் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நிற்பவர்களில் எங்கள் மாமன்களும் சித்தப்பன்களும் இருக்கிறார்கள். அந்நியச் செலாவணி என்றால் மாட்டுத்தோல் இனிக்கிறது. எருமைக்கறி ஏற்றுமதியில் இந்தியா உலக அளவில் முன்வரிசையில் நிற்பதும் இனிக்கிறது. அந்தக் கறியை உள்ளூர்க்காரன் தட்டில் போட்டு அரசு விழாவில் வைத்தால் மட்டும் யார் மனமோ புண்படுகிறது. இது என்ன நியாயம்?

இந்த இடத்தில் எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி வரும். "1927இல் மகாடில் அண்ணல் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னாரே, நீங்கள் ஏன் திரும்பவும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?" காலனிக் கூட்டங்களில் பெரியவர்கள் இதைக் கோபமாகவே கேட்கிறார்கள். மாட்டுக்கறியை விட்டுப் பல வருடம் ஆன பெரியவர்கள் அவர்கள். அந்தக் கோபத்தை நாங்கள் மதிக்கிறோம். செத்த மாட்டைத் தூக்கிப் போட வைத்து, கூலிக்குப் பதிலாக அதையே தின்ன வைத்த அடிமைத்தனத்தை அண்ணல் உதறச் சொன்னார். அது சுயமரியாதைக் கட்டளை. அதே அண்ணல்தான் 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார் யார்?' நூலில், ஒரு காலத்தில் பார்ப்பனர்களும் மாட்டுக்கறி தின்றவர்களே என்பதை வேதச் சான்றுகளோடு எடுத்து வைத்தார். தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்று ஆராய்ந்தார். அடிமையாகத் தின்பது வேறு, காசு கொடுத்து வாங்கி விரும்பித் தின்பது வேறு. விட்டுவிடுவதும் எங்கள் உரிமை, தின்பதும் எங்கள் உரிமை. இரண்டையும் முடிவு செய்ய வேண்டியது நாங்கள். வீட்டு உரிமையாளரோ விடுதிக் காப்பாளரோ அல்ல.

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்கிறார்கள். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி "எல்லாமே சாப்பிடுவீங்களா?" அந்த 'எல்லாமே'யில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சாதிச் சான்றிதழைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் சாப்பாட்டைக் கேட்கிறார்கள்.

இது வெறும் மானப் பிரச்சினை என்று யாராவது நினைத்தால் எங்களோடு ஒரு ரத்தசோகை முகாமுக்கு வாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்குமேல் ரத்தசோகையோடு இருக்கிறார்கள். முகாம்களில் நாங்கள் பார்த்த சத்துணவுப் படங்களில் மாதுளை உண்டு, பேரீச்சை உண்டு, கீரை உண்டு, பால் உண்டு. மாட்டு ஈரல் இல்லை, மண்ணீரல் இல்லை, ரத்தம் இல்லை. கீரையில் உள்ள இரும்புச்சத்தைவிடக் கறியிலும் ஈரலிலும் ரத்தத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் என்பது மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்ணிடம் மாதுளை வாங்கித் தின்னச் சொல்கிறோம். அவள் தெருமுனையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒரு முகாமில் ஓர் அக்கா எங்களிடம் ரகசியமாகக் கேட்டார்: "அந்த ஈரல் சாப்பிட்டா தப்பா மேடம்?" தப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. படத்தில் இல்லாததே சொன்னதுபோலத்தான்.

ஐரோப்பாவைப் பாருங்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க் சாசேஜ் ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் நீளத்தில், அந்த நகர எல்லைக்குள் செய்ததாக இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். ஸ்காட்லாந்தின் ஸ்டோர்னோவே ஊரில் ரத்தமும் ஓட்ஸும் கொழுப்பும் சேர்த்துச் செய்யும் கறுப்புப் புட்டிங்குக்கு 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அதேபோன்ற ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பைக் கொடுத்தது. ரத்தத்துக்குப் புவிசார் குறியீடு! இங்கே பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் மணப்பாறை முறுக்குக்கும் குறியீடு கிடைத்திருக்கிறது. எல்லாம் நாங்களும் ருசித்துத் தின்பவைதான், மகிழ்ச்சிதான். பேரணாம்பட்டு உப்புக்கண்டத்துக்கு அப்படி ஒரு விண்ணப்பம் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தோம். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

மராத்தியில் ஷாஹு பட்டோலே ஒரு வழி காட்டியிருக்கிறார். மராத்வாடா தலித் அடுப்படிகளின் சமையலை 2015இல் 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று நூலாக்கினார். அன்னம் முழு பிரம்மம் என்று அவர்கள் சொன்னதைக் குறை பிரம்மம் என்று தலைப்பிலேயே மாற்றிப் போட்டார். அங்கும் கறியை வாரிக் காயவைக்கிறார்கள், ரத்தத்தைச் சமைக்கிறார்கள். நெய்யும் குங்குமப்பூவும் மணக்கும் சமையல் புத்தகங்களுக்கு நடுவே அந்த நூல் நிமிர்ந்து நிற்கிறது. 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. தமிழில் நமக்கு அப்படி எத்தனை இருக்கின்றன? கவிதையில், சிறுகதையில், தன்வரலாற்றில் மாட்டுக்கறி வருகிறது. அளவும் பக்குவமும் சொல்லி, சமைத்தவர் பெயரும் போட்டு எழுதுவது வேறு வேலை. அதையும் செய்தாக வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. அரசுப் பணத்தில் உணவுத் திருவிழா நடத்தினால் அந்த வட்டாரத்து மக்கள் தின்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். மாட்டுக்கறியும் குடலும் உப்புக்கண்டமும் அதில் அடக்கம். வேண்டாதவர்கள் அடுத்த கடைக்குப் போகட்டும். ரத்தசோகை விழிப்புணர்வுப் படங்களில் ஈரலும் மண்ணீரலும் இடம்பெற வேண்டும். விடுதிகளில் எந்தப் பிள்ளையின் உணவும் 'சங்கடம்' என்ற பெயரில் வெளியே போகக் கூடாது. வீடு கொடுக்கும்போது சாப்பாட்டைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான் என்பதை உரக்கச் சொல்ல வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கையில் போன் இருக்கிறது. உங்கள் ஆயா, அம்மா, அத்தை குடல் கழுவும்போது பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை தண்ணீர் மாற்றுகிறார், எவ்வளவு உப்பு, எத்தனை நாள் வெயில் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கைப்பக்குவம் தெரிந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அவர்களோடு அது மண்ணுக்குள் போய்விட்டால், இப்படி ஒரு உணவே இங்கு இருந்ததில்லை என்று சொல்ல நாளைக்கு ஆள் வருவார்கள்.

சிகாகோக்காரருக்குத் தன் ஊர் ஹாட் டாக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேச யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. எங்களுக்கும் வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் நேற்று என்ன குழம்பு என்று அடுத்த முறை யாராவது கேட்டால், கத்திரிக்காய்க்கு முன்னால் கறியின் பெயரைச் சொல்லுங்கள்.